மவுஸ் தானா நகருது: அரசு அலுவலக கம்ப்யூட்டருக்குள்ள வர யார் அனுமதி கொடுத்தது?



சில வாரங்களுக்கு முன்னாடி, பட்டா பெயர் மாற்றம் விஷயமா நம்ம பொத்தேரி தோழர் ஒருத்தரோட துணைக்கு ஓர் அரசு அலுவலகம் போயிருந்தேன். எந்த அலுவலகம்னு எழுதப் போறதில்லை. எழுதினா மெமோ வாங்கப் போறது அங்க உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொண்ணுதான். அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை.

பதினொரு மணிக்கே "சர்வர் ஸ்லோ சார், உட்காருங்க"ன்னாங்க. உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கர்ல போட்டுட்டு வேலை பார்த்ததால எங்களுக்கும் கேட்டது. "மேடம், எனிடெஸ்க் ஆன்ல இருக்கா? நம்பர் சொல்லுங்க." அவங்க திரையைப் பார்த்து எண்ணை வாசிச்சாங்க. ஒரு கிளிக். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு பின்னாடி சாய்ஞ்சுட்டாங்க. திரையில மவுஸ் தானா நகருது. ஃபோல்டர் திறக்குது, மூடுது, வேற ஏதோ திறக்குது. ஓரத்துல எங்களை மாதிரி ஜனங்களோட ஆதார் நகல், வில்லங்கச் சான்று, பத்திர ஸ்கேன் எல்லாம் வரிசையா கிடக்குது.

"யாரும்மா அது?"ன்னு கேட்டேன்.

"சர்வீஸ் பண்றவங்க சார்."

"எந்த ஊர்ல இருந்து?"

"தெரியாது சார். எப்பவும் இதே மாதிரிதான் பண்ணுவாங்க."

"எப்பவும் இதே ஆளா?"

அதுக்குப் பதில் இல்லை. சிரிச்சாங்க.

தோழர்களே, "எனிடெஸ்க் போடுங்க, நம்பர் சொல்லுங்க"ங்கிற இந்த வாக்கியத்தை நம்ம வீடுகள்ல கேட்டா என்ன செய்வோம்? போனை வெச்சுடுவோம். வெச்சுடணும்னுதான் 2019 பிப்ரவரியில ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பேங்க்ல இருந்து பேசறேன்னு சொல்லி எனிடெஸ்க் ஏத்தச் சொல்லுவான், திரையில வர்ற எண்ணை வாங்குவான், அப்புறம் யுபிஐ வழியா பணத்தை எடுத்துடுவான். இதே கதையில பென்ஷன் பணத்தை இழந்த பெரியவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. பொதுமக்களுக்கு "நம்பர் சொல்லாதே"ன்னு சொல்ற அரசாங்கம், தன்னோட அலுவலகத்துக்குள்ள என்ன செய்யுது? அதைத்தான் இந்தப் பதிவுல பேசப் போறோம்.

முதல்ல ஒன்றைச் சொல்லிடறேன். விதியே இல்லைன்னு நாம சொல்லல. 2022 ஜூன் மாதம் தேசிய தகவலியல் மையம், அதாவது என்ஐசி, மத்திய அரசு ஊழியர்களுக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. டீம்வியூவர், எனிடெஸ்க், ஆம்மி அட்மின்னு பேரையே போட்டு, இந்த மாதிரி அங்கீகரிக்கப்படாத ரிமோட் சாஃப்ட்வேர்களைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. கேம்ஸ்கேனர் கூடாது, அரசு ஆவணங்களை கூகுள் டிரைவ்லயும் டிராப்பாக்ஸ்லயும் வைக்கக் கூடாது, வெளி விபிஎன் கூடாதுன்னும் இருக்கு. ஒப்பந்த ஊழியர்களுக்கும் அவுட்சோர்சிங் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். அதே வருஷம் ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், லாக் பதிவுகளை 180 நாள் வெச்சிருக்கணும். 2023 ஜூன்ல அரசு நிறுவனங்களுக்குன்னே தனியா ஒரு வழிகாட்டுதலும் வந்தது. தமிழ்நாட்டுக்கு 2020-ல சைபர் பாதுகாப்புக் கொள்கை வந்தது, அதுக்கப்புறம் 2.0-வும் வந்தது.

காகிதத்துல எல்லாம் இருக்கு. ஆனா "அங்கீகரிக்கப்படாத சாஃப்ட்வேர் கூடாது"ன்னா, அங்கீகரிக்கப்பட்டது எது? அங்கீகாரம் கொடுக்கிறது யார்? தாலுகா அலுவலகத்துல, நகராட்சியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல, கூட்டுறவு சங்கத்துல இருக்கிற ஆபரேட்டருக்கு அந்தப் பட்டியலை யார் கொடுத்தாங்க? ஒரு பிரின்டர் வேலை செய்யலைன்னா, ஒரு டிரைவர் போயிடுச்சுன்னா, தாம்பரத்துல இருந்தோ கிண்டியில இருந்தோ ஆள் பைக்ல வர்ற வரைக்கும் வெளியில நாற்பது பேர் வரிசையில நிக்கணுமா? கூடாதுன்னு சொன்னவங்க மாற்று வழியைச் சொல்லல. அதனால வேலை ஓடணும்னு ஆபரேட்டர் எனிடெஸ்க்கைத் திறக்கறாங்க. சுற்றறிக்கை ஃபைல்ல தூங்குது.

இந்த சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பொறுமையா பார்ப்போம், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. பொதுவா வெளியில இருந்து ஒருத்தன் உள்ள வரணும்னா ஃபயர்வால் தடுக்கும். ரிமோட் சாஃப்ட்வேர் அப்படி வர்றதில்லை. உள்ள இருக்கிற கம்ப்யூட்டரே வெளியில இருக்கிற கம்பெனி சர்வரைக் கூப்பிடுது, அந்தப் பக்கத்து ஆளும் அதே சர்வரைக் கூப்பிடறான், நடுவுல சந்திக்கிறாங்க. வீட்டுக்காரரே கதவைத் திறந்து கூட்டிட்டுப் போற மாதிரி. வாசல்ல இருக்கிற காவலாளிக்கு, இது சாதாரண வெப்சைட் பார்க்கிற போக்குவரத்து மாதிரிதான் தெரியும். இன்னொன்று, இதுல சில சாஃப்ட்வேர்களை இன்ஸ்டாலே பண்ண வேண்டாம். டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணா ஓடும். அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. "எங்க கம்ப்யூட்டர்ல யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது"ன்னு பெருமையா சொல்ற அதிகாரிகள் இதைக் கவனிக்கணும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், ஆள் இல்லாமலே உள்ள வர்ற வசதி. ஒருமுறை நிரந்தர பாஸ்வேர்டு போட்டு வெச்சுட்டா போதும். அடுத்த தடவை இந்தப் பக்கம் யாரும் "சரி"ன்னு கிளிக் பண்ண வேண்டியதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, ஞாயித்துக்கிழமை, பொங்கல் லீவுல, கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தா உள்ள வந்துடலாம். சர்வீஸ் பண்ற பையனுக்கு அது சௌகரியம். ஒவ்வொரு தடவையும் மேடத்துக்கு போன் போட வேண்டாம். அந்தப் பையன் ஆறு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிடுவான். பாஸ்வேர்டு? அது அப்படியே இருக்கும். பல இடத்துல எல்லா அலுவலகத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் போட்டிருப்பாங்க. கம்பெனி பேரும் வருஷமும். ஐடி வேலை பார்க்கிற நம்ம தோழர்களைக் கேட்டுப் பாருங்க, சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாங்க.

"அட, ஒரு தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கப் போகுது"ன்னு சிலர் கேட்கலாம். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி வண்டலூர்ல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு சென்ட் நிலம் என்ன விலைக்குப் போகுதுன்னு தெரிஞ்சவங்க இப்படிக் கேட்க மாட்டாங்க. போலி ஆவணம், ஆள்மாறாட்டப் பத்திரம், ஒரே இடத்தை ரெண்டு பேருக்கு வித்தது இதெல்லாம் நம்ம பெல்ட்டுக்குப் புதுசா? ஒருத்தரோட ஆதார் நகல், கையெழுத்து மாதிரி, சர்வே எண், வாரிசு விவரம் இந்த நாலும் ஒரே ஃபோல்டர்ல கிடைச்சா, நில மோசடிக்காரனுக்கு அதைவிட என்ன வேணும்? வெளிநாட்டு உளவாளி வரணும்னு அவசியமே இல்லை.

ஆனா பெரிய இடங்களும் தப்பிக்கல. கூடங்குளத்தை எடுத்துக்குங்க. 2019 அக்டோபர் கடைசியில, அணுமின் நிலைய நெட்வொர்க்ல வைரஸ்னு செய்தி வந்தது. முதல்ல நிலையத்துல இருந்து மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30, இந்திய அணுமின் கழகம் உண்மைன்னு ஒப்புக்கிட்டது. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் சொல்லியிருந்திருக்கு. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோட இணைஞ்ச நெட்வொர்க்ல ஒருத்தரோட கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டிருக்கு, அணுஉலை கட்டுப்பாட்டு அமைப்பு தனி, அது பாதிக்கப்படலன்னு விளக்கம். நல்ல வேளை, தனியா வெச்சிருந்தாங்க. ஆனா செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் நடுவுல எட்டு வாரம். தமிழ்நாட்டு மக்களுக்கு அந்த எட்டு வாரமும் யாரும் வாயைத் திறக்கல.

2021 செப்டம்பர்ல நம்ம தலைமைச் செயலகத்தின் பொதுத் துறை கம்ப்யூட்டர்கள்ல ரேன்சம்வேர் புகுந்து, 1,950 டாலர் கிரிப்டோவுல கேட்டாங்க. 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ். அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கம். நாட்டோட முதன்மை ஆஸ்பத்திரியில ரெண்டு வாரத்துக்கு ஓபி சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் கையால எழுதினாங்க. நெட்வொர்க்கைச் சரியா பிரிச்சு வைக்காததுதான் காரணம்னு பிறகு நாடாளுமன்றத்துல பதில் சொன்னாங்க. இந்த மூணும் எனிடெஸ்க் வழியா நடந்ததுன்னு யாரும் வாட்ஸ்அப்ல பரப்பிடாதீங்க, அப்படி இல்லை. உள்ள ஒரு கம்ப்யூட்டர்ல கால் வைக்க இடம் கிடைச்சா எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்காகச் சொல்றேன். அந்தக் கால் வைக்கிற இடத்தை நாமே தட்டுல வெச்சுக் கொடுக்கிறோம்ங்கறதுதான் பிரச்சினை.

இப்ப எதிர்க்கேள்வி வரும். "சரி, இலவச எனிடெஸ்க்கை விடு, காசு கொடுத்து நல்ல சாஃப்ட்வேரா வாங்கி, அனுமதி கொடுத்துட்டா முடிஞ்சதா?"

முடியல. அமெரிக்க நிதித்துறையைப் பாருங்க. பியாண்ட்டிரஸ்ட்னு ஒரு கம்பெனியோட ரிமோட் சப்போர்ட் சேவையை முறையா வாங்கிப் பயன்படுத்தினாங்க. அந்தக் கம்பெனிகிட்ட இருந்த ஒரு டிஜிட்டல் சாவியைத் திருடி, அது வழியா நிதித்துறை ஊழியர்களோட கம்ப்யூட்டருக்குள்ளயே போயிட்டாங்க. 2024 டிசம்பர் 8-ம் தேதி கம்பெனி தகவல் சொன்னது. மாசக் கடைசியில செனட்டுக்குக் கடிதம் போனது. சீன அரசு ஆதரவு ஹேக்கர்கள்னு அமெரிக்கா சொன்னது, சீனா மறுத்தது. அதே 2024 பிப்ரவரியில எனிடெஸ்க் கம்பெனியே தன்னோட சர்வர்களுக்குள்ள ஆள் புகுந்துட்டதா அறிவிச்சு, சான்றிதழ்களை மாத்திச்சு. ஜூன்ல டீம்வியூவர் கம்பெனியோட அலுவலக நெட்வொர்க்குக்குள்ள ஊடுருவல். சாவி செய்யறவன் கடையிலயே திருட்டு நடந்தா, தெருவுல எல்லா வீட்டுக்காரனும் பூட்டை மாத்தணும். நம்ம அலுவலகங்கள்ல எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது? எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல அது இருக்குன்னு கணக்கு இருந்தாத்தானே சொல்ல முடியும்?

அதோட, அனுமதிச்ச சாஃப்ட்வேரே மோசடிக்காரன் கைக்கும் ஆயுதம். 2023 ஜனவரியில அமெரிக்காவோட சிசா அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஹெல்ப் டெஸ்க்ல இருந்து வர்ற மாதிரி மெயில் அனுப்பி, எனிடெஸ்க்கையும் ஸ்க்ரீன்கனெக்ட்டையும் இறக்க வெச்சு, உள்ள நுழைஞ்சிருக்காங்க. வைரஸ் இல்லாததால ஆன்டிவைரஸ் வாயைத் திறக்காது. நம்ம ஆபரேட்டருக்கு தினமும் யாரோ ஒரு குரல் போன் பண்ணி நம்பர் கேட்குதுன்னா, ஒருநாள் வேற ஒரு குரல் கேட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு வாதம், சுதேசி. இதுல நமக்கு ஊர்ப் பெருமையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பொத்தேரியில இருந்து கூடுவாஞ்சேரி போற வழியில, வல்லாஞ்சேரியில இருக்கிற ஜோஹோ, ஜோஹோ அசிஸ்ட்னு ரிமோட் சப்போர்ட் சாஃப்ட்வேர் செஞ்சு உலகம் பூரா விக்கிறாங்க. நம்ம ரயில்ல கூட வர்ற பிள்ளைங்க எழுதின கோடு. எங்கேயோ இருக்கிற கம்பெனியை நம்பறதுக்கு, இந்தியச் சட்டத்துக்குள்ள இருக்கிற கம்பெனியை நம்பலாம்ங்கறதுல நியாயம் இருக்கு. ஆனா "உள்ளூர்"ங்கிற ஸ்டிக்கர் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிடாது. அதே நிறுவனத்தோட மேனேஜ்எஞ்சின் பிரிவு சாஃப்ட்வேர் ஒன்றில 2021-ல ஓட்டை கண்டுபிடிச்சு, ஹேக்கர்கள் அதைப் பயன்படுத்தறாங்கன்னு எஃப்பிஐயும் சிசாவும் எச்சரிச்சாங்க. கம்பெனி உடனே பேட்ச் கொடுத்தது. பேட்ச் போட்டவங்க தப்பிச்சாங்க, போடாதவங்க மாட்டினாங்க. ஓட்டை எல்லா சாஃப்ட்வேர்லயும் வரும். அது வந்தப்புறம் யார், எத்தனை நாள்ல அடைக்கிறாங்கங்கிறதுதான் கேள்வி. அந்தப் பொறுப்பை யார் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டாங்க?

அதனால நம்ம கட்சி கேட்கிறது வெறும் தடை இல்லை. தடை ஏற்கனவே இருக்கு, அது என்ன லட்சணத்துல இருக்குன்னு பார்த்தாச்சு. மாநில அரசு, ரிமோட் வேலைக்குன்னு ஒரே ஒரு வழியைத் திறக்கணும். எல்காட்டோ வேற எந்த அரசு அமைப்போ நடத்தற ஒரு நுழைவாயில். எந்த வெண்டாரா இருந்தாலும் அது வழியாத்தான் உள்ள வரணும். மத்ததெல்லாம் அரசு நெட்வொர்க்குலயே தடுக்கப்படணும், ஆபரேட்டரோட மன உறுதியை நம்பி விடக் கூடாது. புகார் எண் இல்லாம இணைப்பு கூடாது. இன்னார், இன்ன கம்பெனி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரைன்னு போட்டு, நேரம் முடிஞ்சா தானா துண்டிக்கணும். ஆள் இல்லாம உள்ள வர்ற நிரந்தர பாஸ்வேர்டு எங்கேயும் இருக்கக் கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே முடியாது. திரையில நடந்தது பதிவாகணும். செர்ட்-இன் சொன்ன 180 நாள் அந்தப் பதிவு இருக்கணும், அது வெண்டார் கையில இருக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிஞ்ச அன்னைக்கே சாஃப்ட்வேரையும் கணக்கையும் நீக்கிட்டு, நீக்கினேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் கடைசி பில் பாஸ் ஆகணும். (இந்தக் கடைசி ஒன்று மட்டும் நடந்தாலே பாதி சரியாயிடும். பில்லுக்கு இருக்கிற மரியாதை சுற்றறிக்கைக்குக் கிடையாது.)

அனுமதியும் ஒருமுறை கொடுத்தா ஆயுசுக்கும்னு இருக்கக் கூடாது. கம்பெனிக்குள்ள ஊடுருவல்னு செய்தி வந்த அன்னைக்கே மறுபரிசீலனை. எந்த சாஃப்ட்வேருக்கு, எந்தத் தேதியில, எந்த அதிகாரி அனுமதி கொடுத்தார்ங்கிறது பொதுவுல இருக்கணும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாப் படறது ஒன்று இருக்கு. அந்த ஆபரேட்டர் பொண்ணு. அவங்க அரசு ஊழியர் இல்லை. ஏஜென்சி மூலமா, தொகுப்பூதியத்துல, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. லாகின் சில நேரம் மேலதிகாரியோடது, வேலை செய்யறது அவங்க. நாளைக்கு ஒரு பட்டாவுல பேர் மாறிடுச்சுன்னு வெச்சுக்குங்க, லாக்ல யார் கம்ப்யூட்டர் தெரியும்? அவங்களோடது. நேரம் என்ன? அவங்க சீட்ல இருந்த நேரம். "நம்பரை யார் சொன்னது?" அவங்கதான். வெண்டார் கம்பெனிக்கு வக்கீல் இருக்கார், அதிகாரிக்கு சங்கம் இருக்கு. இவங்களுக்கு யார் இருக்கா? "எழுத்துப்பூர்வமா உத்தரவு இல்லாம நான் இணைப்பு கொடுக்க மாட்டேன்"னு சொல்ற உரிமை அந்தப் பொண்ணுக்கு வேணும். அப்படிச் சொன்னதுக்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு அரசாணையில இருக்கணும். பாதுகாப்பு விதின்னா அதுல முதல் வரி இதுவா இருக்கணும்னு நாங்க நினைக்கிறோம். கடைசி ஆள் "முடியாது"ன்னு சொல்ல முடியாத இடத்துல எவ்வளவு விலை உயர்ந்த ஃபயர்வால் வாங்கி வெச்சும் பிரயோஜனம் இல்லை.

2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கேன்னு கேட்பீங்க. தனியார் கம்பெனி தரவைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி வரை அபராதம்னு பெரிய எழுத்துல சொன்னாங்க. ஆனா அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கிற பிரிவையும் அதுலயே வெச்சிருக்காங்க. அதைப் பத்தி தனியா ஒரு பதிவு போடறோம்.

இப்போதைக்கு வேலை இதுதான் தோழர்களே. வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் பகுதி அலுவலகங்களுக்கு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடப் போறோம். கட்சி பேர்ல போட முடியாது, குடிமக்களா அவங்கவங்க பேர்லதான் போடணும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள்ல பதில் வரணும். ஐபி முகவரி, பாஸ்வேர்டு, நெட்வொர்க் வரைபடம் எதையும் கேட்காதீங்க. "பாதுகாப்பு"ன்னு ஒரே வார்த்தையில தள்ளுபடி பண்ணிடுவாங்க, பண்றதும் நியாயம்தான். மூணே கேள்வி. இந்த அலுவலகத்துல ரிமோட் ஆக்சஸ் சாஃப்ட்வேர் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கா, கொடுத்த அதிகாரியோட பதவி என்ன, தேதி என்ன? வெண்டார் இணைப்புகளுக்குப் பதிவேடு இருக்கா? ஒப்பந்தம் முடிஞ்ச வெண்டாரோட அணுகலை நீக்கினதுக்குச் சான்று இருக்கா?

மனு மாதிரியை பொத்தேரி கிளைத் தோழர்கள் டைப் அடிச்சு வெச்சிருக்காங்க. ஞாயிறு காலை பொத்தேரி ரயில் நிலைய வாசல்ல மேஜை போடறோம். ஆதார் நகல் எதுவும் எடுத்துட்டு வர வேண்டாம், பேனா போதும். அரசு அலுவலகங்கள்ல வேலை பார்க்கிற ஆபரேட்டர் தோழர்கள் தங்க அனுபவத்தை கமென்ட்ல எழுதாதீங்க. நேர்ல வாங்க, பேரை யாருக்கும் சொல்ல மாட்டோம்.